தேம்பாவணியில் ஒரு நள்ளிரவுப் பயணம்

மேலூர்ச் சாலையில் அண்மையில் ஒரு நாள் பேருந்து பழுதாகி நின்றது. திருப்பலிக்கு நேரமாகிறதே என்ற எரிச்சலோடு புளியமர நிழலில் அமர்ந்தேன். கையில் தேம்பாவணியின் இரண்டாம் காண்டம்.

சூசையப்பர் இரவோடிரவாகத் தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டதை மத்தேயு சில வரிகளில் முடித்துவிடுகிறார். 1726-இல் வீரமாமுனிவர் இயற்றிய காப்பியமோ அதைப் பல படலங்களாக விரிக்கிறது. தச்சரின் வீடும் தொழிலும் ஓர் இரவில் கைநழுவுகின்றன. ஆயினும் வழிநெடுகப் பேச்சு ஓய்வதில்லை. யோசுவா, கிதியோன் முதலியோரின் வரலாறுகள் நடைக்குத் துணையாகின்றன. அக்குடும்பத்தின் மகிழ்ச்சியை எகிப்தின் எல்லைவரை ஒத்திப்போடாமல் வழித்துணையிலேயே வைத்தது முனிவரின் நுட்பம்.

எனினும் எனக்கொரு குறை உண்டு. வருணனையின் செழிப்பில் ஏரோதின் வாளுக்கு அஞ்சிய அச்சம் மங்கிவிடுகிறது. நற்செய்திகளில் சூசையப்பர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அம்மௌனத்தின் கனத்தை இங்கே தேடவேண்டியிருக்கிறது. இத்தாலியை விட்டு வந்து மதுரை மறைத்தளத்தின் வெயிலில் அலைந்த முனிவர் வழிப்புழுதியை அறியாதவரல்லர். அதை இன்னும் கொஞ்சம் பாட்டில் படியவிட்டிருக்கலாம்.

“அதென்ன புத்தகம், சாமி?” என்றார் அருகிலிருந்த மூதாட்டி. படித்துப் பொருள் சொன்னேன். மேலும் இருவர் நெருங்கி அமர்ந்தனர். அடுத்த பேருந்து வந்தபோது சூசையப்பர் இன்னும் எல்லையைக் கடந்திருக்கவில்லை.