பிசகும் இடத்தில் நில்லுங்கள்: எண்ணுப்பெயர்களை எப்படி ரசிப்பது?

இந்தி படித்த தமிழர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு புலம்பல் நிச்சயம் வரும்: எண்களை மட்டும் மனப்பாடம் செய்யவே முடியவில்லை. நியாயமான புலம்பல்தான். தமிழில் இருபதும் ஒன்றும் தெரிந்தால் இருபத்தொன்று தானாக வந்துவிடும். இந்தியில் இக்கீஸ், பாயீஸ், தேயீஸ் என்று தொண்ணூற்றொன்பது வரை ஒவ்வொன்றையும் நெட்டுருப் போட்டாக வேண்டும். ஆனால், ரசிக்க வருகிறவருக்கு அந்த ஒழுங்கின்மைதான் விருந்து.

சமஸ்கிருதம், பாரசீகம், பஷ்தோ, இந்தி, சிங்களம் எல்லாமே இந்தோ-ஈரானியக் குடும்பம். பஞ்ச என்பது பாரசீகத்தில் பஞ்ஜ் ஆவதிலும், தச என்பது தஹ் ஆவதிலும் அதிசயம் எதுவும் இல்லை. இந்த ஒற்றுமையைப் பட்டியல் போட்டு வியந்துவிட்டு நகர்கிறவர்களே அதிகம். எனக்கு அதில் பெரிய சுவாரசியம் கிடையாது. பட்டியல் எங்கே பிசகுகிறதோ அங்கேதான் நிற்க வேண்டும். அதற்கு முதலில் விதி காதில் விழ வேண்டும் என்பதால், ஏழில் தொடங்குங்கள்.

சமஸ்கிருதத்தில் சப்த. ஈரானியப் பக்கம் போனால் சொல்லின் முதலில் வரும் ஸகரம் ஹகரமாகிவிடும்: பழைய ஈரானிய மறைநூலான அவெஸ்தாவில் ஹப்த, பாரசீகத்தில் ஹஃப்த். வேதத்தின் சப்த சிந்து அவெஸ்தாவில் ஹப்த ஹிந்து. சஹஸ்ரம்தான் அங்கே ஹஸார். அதுவே பிறகு உருதுவுக்கும் இந்திக்கும் வந்தது. ஈரானியரின் நவ்ரூஸ் புத்தாண்டில் 'ஹஃப்த் ஸீன்' என்று ஏழு பொருள்களைப் பரப்பி வைப்பார்கள். பூண்டு, ஆப்பிள், வினிகர் உட்பட எல்லாப் பெயரும் ஸகரத்தில் தொடங்க வேண்டும். அந்த ஏழு என்ற சொல்லே தன் ஸகரத்தைத் தொலைத்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

இப்போது தெற்கே வாருங்கள். கொழும்பில் பேருந்து ஏறிய தமிழருக்கு ஏழு 'ஹத' என்பது தெரியும். அதுவும் சப்தவின் பேரப்பிள்ளைதான். ஆனால் பாரசீகத்துக்கும் இதற்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. சிங்களம் வெகுகாலம் கழித்துத் தன் போக்கில் அதே மாற்றத்தைச் செய்துகொண்டது. நடுவில் கிடக்கும் இந்தியில் ஸகரம் அசையாமல் ஸாத் என்றே இருக்கிறது.

விதி காதில் ஏறிவிட்டதா? இனி எட்டு. பாரசீகத்தில் ஹஷ்த். சமஸ்கிருதத்தில் அஷ்ட, அவெஸ்தாவிலும் அஷ்ட. ஸகரமே இல்லாத சொல்லில் ஹகரம் எப்படி முளைத்தது? பக்கத்து வீட்டிலிருந்து. எண்களை யாரும் தனித்தனியாகச் சொல்வதில்லை, வரிசையாக ஒப்பிக்கிறோம். ஹஃப்த் சொன்ன வாய் அதே மூச்சில் அடுத்ததையும் ஹகரத்தோடு சொல்லிவிட்டது. பதினாறும் இப்படித்தான். ஆறு ஷெஷ், அதில் னகரம் இல்லை. பதினாறோ ஷான்ஸ்தஹ். பதினைந்தான பான்ஸ்தஹ் ஒட்டவைத்த னகரம் அது. இந்தியில் முப்பத்தைந்து பைந்தீஸ், முப்பத்தேழு சைந்தீஸ். ஏழில் மூக்கொலி ஏது? அதுவும் ஐந்தின் உபயம்.

ஒன்பதில் வேறு வகை ருசி. காகசஸ் மலைப்பகுதியில் பேசப்படும் ஒஸ்ஸேத்திய மொழி ஈரானியக் கிளையைச் சேர்ந்தது. அங்கே ஒன்பது 'ஃபராஸ்த்', அதாவது எட்டுக்கு அப்பால். நம் ஒன்பதைப் பத்துக்கு ஒன்று குறைவு என்று பலர் விளக்குகிறார்கள். அவர்கள் கீழிருந்து ஏறுகிறார்கள், நாம் மேலிருந்து இறங்குகிறோம். இந்தியும் பத்தொன்பதில் இறங்குகிறது: உன்னீஸ் என்பது ஏகோனவிம்சதி, ஒன்று குறைந்த இருபது. இருபத்தொன்பது, முப்பத்தொன்பது என்று எழுபத்தொன்பது வரை இதே முறை. எண்பத்தொன்பதில் திடீரென்று மனம் மாறி நவாஸீ, தொண்ணூற்றொன்பதில் நின்யான்வே. இரண்டிலும் ஒன்பது நேராகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாணவர்களைக் கவிழ்ப்பதற்கென்றே செய்தது போலிருக்கும்.

பிசகுகள் ஊர்ப்பயணத்தையும் காட்டிக்கொடுக்கும். ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களின் மொழி இந்தோ-ஆரியம். அதில் ஒன்று முதல் ஆறு வரை இந்தியச் சாயல்: யெக், துய், த்ரின், ஷ்தார், பஞ்ஜ், ஷோவ். பத்தும் தெஷ். இடையில் ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் எஃப்தா, ஒஹ்தோ, எஞா, மூன்றும் கிரேக்கம். அவர்கள் கிரேக்கம் பேசும் பகுதிகளில் நெடுங்காலம் தங்கியதற்கு இந்த மூன்று சொற்களே சாட்சி. இந்தப் பட்டியலில் என் முதல் பரிசு இதற்குத்தான்.

இரண்டாம் பரிசு கிக்குலிக்கு. மித்தன்னி நாட்டுக் குதிரைப் பயிற்சியாளர் அவர். 3,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான அவருடைய பயிற்சிக் கையேடு, இன்றைய துருக்கியில் ஹித்தைட் தலைநகரான ஹத்தூசாவில் களிமண் பலகைகளாகக் கிடைத்தது. குதிரையை எத்தனை சுற்று ஓட்ட வேண்டும் என்பதற்கு ஐக, தெர, பன்ஸ, சத்த என்று எண்கள் அதில் வருகின்றன. ஒன்றுக்குப் பழைய ஈரானியச் சொல் 'ஐவ'. இங்கே இருப்பது 'ஐக', நம் காதுக்குப் பழகிய ஏக. அந்த ஒரு ககரம்தான் இச்சொற்கள் இந்தோ-ஆரியப் பக்கம் சேர்ந்தவை என்று தீர்ப்புச் சொல்கிறது. இன்றைய பாரசீக 'யெக்'கில் உள்ள ககரம் ஐவவோடு பின்னால் ஒட்டிய விகுதி.

ஊர்ப்பெயரிலும் பொருள்களிலும் எண்கள் ஒளிந்திருக்கும். தஜிகிஸ்தான் தலைநகர் துஷன்பே என்றால் சனிக்குப் பின் இரண்டாம் நாள், அதாவது திங்கட்கிழமை. அங்கே திங்கள்தோறும் கூடிய சந்தை வைத்த பெயர். செத்தார் என்ற ஈரானிய இசைக்கருவிக்கு 'மூன்று தந்தி' என்று பொருள். இப்போது அதில் இருப்பதோ நான்கு. இஸ்பஹானில் செஹெல் சொத்தூன் என்ற 'நாற்பது தூண்' மாளிகையின் முகப்பில் இருபது தூண்கள்தான். மீதி இருபதைக் குளத்தில் எண்ணிக்கொள்ளச் சொல்வார்கள். அஜ்மீரில் உள்ள 'அடாயி தின் கா ஜோம்ப்டா' மசூதியின் பெயரில் இரண்டரை இருக்கிறது. இரண்டரைக்கான அந்தச் சொல் பிறந்தது 'அர்த்த த்ருதீய'விலிருந்து: மூன்றாவது மட்டும் பாதி. முதல் இரண்டும் முழுசு என்பதைச் சொல்லவே தேவையில்லை என்று விட்டுவிட்ட சிக்கனத்தைப் பாருங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. காதுக்கு இனித்ததெல்லாம் உறவு ஆகாது. சீமுர்க் என்ற பறவையை 'ஸீ முர்க்', முப்பது பறவை என்று பிரித்து, பாரசீகக் கவிஞர் அத்தார் ஒரு காவியத்தையே முடித்தார். அழகான சிலேடை; ஆனால் சொல்லின் வேர் சமஸ்கிருத 'ச்யேன'வுக்கு இணையான அவெஸ்தச் சொல், முப்பது அல்ல. நமக்கான கண்ணி எட்டு. இந்தி 'ஆட்'டும் தமிழ் எட்டும் ஒட்டுவது போலத் தோன்றும். எண்பது, எண்ணூறு, கன்னட 'எண்டு' ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்தால் ணகரம் வெளியே வந்துவிடும். இது திராவிடச் சொல். மாறாக, சுத்தத் தமிழ் போலத் தோன்றும் ஆயிரத்தை, கன்னடத்தின் சாசிர, சாவிரவோடு சேர்த்து சஹஸ்ரத்தின் வழி வந்ததாகவே மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள்.

வடக்கே போகும்போதோ, காபூல்காரர் ஒருவரோடு தேநீர் குடிக்கும்போதோ, எண்ணச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றிலிருந்து பத்து வரை போதாது, இருபது வரையாவது எண்ணட்டும். ஏழைக் கடந்ததும் எட்டை விட்டுவிடாதீர்கள். பதினாறில் இன்னொரு முறை காது கொடுங்கள். இந்திக்காரராக இருந்தால் எண்பத்தொன்பதைத் தனியாகக் கேளுங்கள். அவரே சற்று யோசித்துத்தான் சொல்வார்.