மழைப்பாட்டில் மறைந்து கிடப்பது

கருமேகம் திரண்டு முதல் துளி மண்ணில் விழுந்ததும், துவாக்குடித் தெருக்களில் சிறுவர் கூட்டம் மழைப்பாட்டைப் பாடி ஆடக் கேட்டிருக்கிறோம். தமிழ்நாடெங்கும் வழங்கும் பாட்டுத்தான் அது. நெல்லைக் குத்தச் சொல்கிறது. முறுக்குச் சுடச் சொல்கிறது. ஏரோட்டும் மாமனுக்கு அதை எடுத்து வைக்கச் சொல்கிறது. வேலையின்றிச் சும்மா கிடக்கும் மாமனுக்கோ, சூடு வைக்கச் சொல்கிறது!

இதற்கும் உட்பொருள் காணப் புறப்பட்டால், மழையை இறையருளாக்கலாம், ஏரைத் தவமாக்கலாம், மாமனை ஆன்மாவாக்கலாம். உரைக்கு எல்லை ஏது?

பிரெஞ்சு நாட்டிலும் பிள்ளைகள் பாடும் மழைப்பாட்டு ஒன்றுண்டு. புயலுக்கு முன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு என் குடிசைக்கு வா என்று இடைக்குலப் பெண்ணை அழைக்கும் பாட்டு. அந்தப் பெண் அரசி மேரி அந்துவானெத், அந்தப் புயலே புரட்சி என்று பொருள் சொல்வோர் உண்டு. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால், ஃபாப்ர் தெக்லாந்தீன் அதை எழுதியது 1780இல். புரட்சி வெடித்தது 1789இல். அரசியின் தலை வீழ்ந்தது 1793இல். வராத புயலையா வருணித்தார்? ஆண்டுக் கணக்கைப் பார்த்த அளவில், கட்டிய கோட்டை சரிந்துவிடுகிறது!

இல்லாத பொருளை ஏற்றுவது ஆராய்ச்சியன்று. இருக்கும் பொருளைக் காண மறுப்பதும் ஆராய்ச்சியன்று. நம் மழைப்பாட்டின் பொருள் வெட்ட வெளிச்சம். உழைப்பவனுக்கு உணவு, உழைக்காதவனுக்குச் சூடு. உழுதவன் பசித்திருக்க, உட்கார்ந்திருந்தவன் உண்டு கொழுத்த நாட்டில், ஏடறியாத மக்கள் பிள்ளைகளின் வாய்வழியே வழங்கிய தீர்ப்பு அது. மேடை ஏறி நாம் முழங்கும் கருத்தை, மழலை என்றோ பாடிவிட்டது!

போற்றுகிறோம். எனினும் ஒரு கேள்வி. நெல்லைக் குத்தியவர் யார்? மாவு பிசைந்து, அடுப்படியில் வெந்து, முறுக்குச் சுட்டவர் யார்? வீட்டுப் பெண்கள். ஏரோட்டியவனுக்குப் பங்கு உண்டு; சோம்பேறிக்கும் சூடு என்றொரு பங்கு உண்டு. உலக்கை பிடித்த கைக்கு மட்டும் பங்கு இல்லை! பாட்டின் மறைபொருள் இதுதான். மறைத்து வைத்த பொருளன்று. பாடியவர்க்கே தோன்றாமல் விடுபட்ட பொருள்.

இந்தப் பங்கைத்தான் 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு கேட்டது. பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் மகளுக்கும் மகனைப்போல் குடும்பச் சொத்தில் சமபங்கு என்னும் சட்டம் வந்தது 1989இல். தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள்!

சட்டம் வந்துவிட்டது, அடுக்களை மாறிவிட்டதா? துவாக்குடிப் பக்கம் 1965இல் கொதிகலன் ஆலை எழுந்தது. ஏரோட்டியவர் மக்கள் இரும்பை இணைக்கக் கற்றார்கள். பெண்களும் படித்தார்கள், பணிக்குச் சென்றார்கள். மாலையில் வீடு திரும்பியதும் அடுப்பு மட்டும் அவர்களையே அழைக்கிறது.

பாட்டைத் தள்ள வேண்டாம், தோழர்களே! பிள்ளைகள் பாடட்டும். பாடி முடித்ததும், முறுக்குச் சுட்ட அம்மாவுக்கு எங்கே பங்கு என்று அவர்களைக் கேட்போம். விடையை அவர்களே சேர்த்துப் பாடுவார்கள். வாய்வழி வந்த பாட்டு, வாய்வழியே வளரட்டும்!