உச்சரிப்பால் கெட்டாரா லுகோசி?

உயர்நிலை நான்கில் வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். "நான் பேசினா எல்லாரும் சிரிக்கிறாங்க டீச்சர்" என்றான் ஒரு மாணவன். அவனுக்கு ழகரம் வராது. பழம் 'பளம்' ஆகிவிடும். எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தவர் பேலா லுகோசி. அவர் பேச்சைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு, நடுங்கியவர்களும் உண்டு.

லுகோசி ஹங்கேரிக்காரர். புடாபெஸ்ட் தேசிய நாடக அரங்கில் நடித்தவர். அமெரிக்காவுக்கு வந்த புதிதில், 1922இல், ஆங்கில வசனத்தை வெறும் ஒலியாக மனப்பாடம் செய்து மேடையேறினார். 1927இல் பிராட்வே மேடையில் டிராகுலா ஆனார். 1931இல் யூனிவர்சல் படத்திலும் அதே வேடம். ஏழு வார வேலைக்கு 3,500 டாலர்தான் கொடுத்தார்கள். அந்தப் படத்தில் அவர் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசுவதைப் பலர் குறை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னணி இசை அநேகமாக இல்லாத படம் அது. அந்த மௌனத்தில் அவர் விடும் இடைவெளிதான் பயமுறுத்துகிறது. டிராகுலாவும் லண்டனுக்கு வந்து சேரும் வெளியாள்தானே! வேறெப்படிப் பேசுவான்?

அதே ஆண்டில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' வந்தது. அதில் வரும் அரக்கனுக்கு வசனமே கிடையாது. முதலில் லுகோசிக்குத்தான் அந்த வேடம் பேசப்பட்டது. அவரே மறுத்தாரா, இயக்குநர் மாறியதால் கைவிட்டுப் போனதா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எப்படியோ, அது போரிஸ் கார்லாஃபிடம் போய்ச் சேர்ந்தது. 43 வயதுவரை துண்டு துக்கடா வேடங்களில் காலம் தள்ளியவர் அவர். கூரை திறந்து வெளிச்சம் விழும்போது அரக்கன் இரண்டு கைகளையும் தூக்கி அதைப் பிடிக்கப் பார்ப்பான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் அது.

கார்லாஃபுக்கும் நாக்கில் ஒரு குறை உண்டு, 'ஸ' ஒலி சரியாக வராது. ஆனால் அவர் லண்டன்காரர். அந்தக் குறை அவரைத் தடுக்கவில்லை. பிராட்வேயில் நகைச்சுவை நாடகம், 1966இல் குழந்தைகளுக்கான கிரின்ச் படத்தில் கதைசொல்லி என்று கதவுகள் திறந்துகொண்டே இருந்தன. லுகோசிக்கோ பைத்தியக்கார விஞ்ஞானி, மர்ம வேலைக்காரன் என்று அதே வேடங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன.

உச்சரிப்பால் கெட்டார் என்று எழுதும் விமர்சகர்கள் 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1939) படத்தை ஒருமுறை பார்க்கட்டும். தூக்கில் போட்டும் சாகாத, கழுத்து முறிந்த ஈகோராக வருகிறார் லுகோசி. கரகரத்த குரல், குசும்பு, தந்திரம். டிராகுலாவின் நிறுத்தங்கள் ஒன்றுகூட இல்லை. அதே உச்சரிப்புதான், ஆனால் முற்றிலும் வேறு மனிதன். பக்கத்தில் நிற்கும் கார்லாஃபைவிட இவர்தான் கண்ணில் படுகிறார். அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு டிராகுலா அல்ல, இதுதான் என்பது என் கருத்து. குறை நாக்கிலா, கேட்ட காதிலா என்று மாணவர்கள் கட்டுரையில் விவாதிக்க நல்ல சான்று இது.

அடுத்து வந்த 1942 படத்தில் ஈகோரின் மூளையை அரக்கனின் தலையில் வைக்கிறார்கள், அரக்கனுக்குப் பார்வை போய்விடுகிறது. ஆகவே 1943இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன் மீட்ஸ் தி வுல்ஃப் மேன்' படத்தில் அரக்கன் குருடன், பேசவும் வேண்டும். அறுபது வயதில் லுகோசியே அந்த வேடத்தைப் போட்டு வசனமும் பேசினார். படம் வெளியாவதற்கு முன்பு அத்தனை வசனத்தையும் வெட்டிவிட்டார்கள். பார்வை போன விவரமும் அதோடு போயிற்று. மிஞ்சியது, கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு தடுமாறும் ஒரு கிழ அரக்கன். காரணம் தெரியாதவர்கள் அதை மோசமான நடிப்பு என்றார்கள். கூர்ந்து பார்த்தால் லுகோசியின் உதடு அசைவது இன்றும் தெரியும். குரல் மட்டும் வராது.