கூகையின் முகம்

ஆங்கில நாட்டுப் பறவைப் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங் (1909–1991) எடுத்தவற்றுள் மிகுதியும் புகழப்படுவது, 1948-ஆம் ஆண்டின் கூகைப் படம். சிறகிரண்டையும் விரித்து, அலகில் எலியைக் கவ்வி, கூகை நம்மை நேர்நோக்குகிறது. மன்னர்களின் கேடயத்தில் பொறித்த சின்னம் போன்ற தோற்றம். நொடியின் மிகச் சிறு பங்கில் மின்னி மறையும் மின்னணு ஒளிவிளக்கைப் பறவைப் படத்துறைக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் ஹாஸ்கிங்கும் ஒருவர். அக்கருவியின்றி இப்படம் இல்லை.

புகழ் தகும். ஆயினும், இயற்கைச் சூழலில் ஆந்தையைக் காட்டுவதற்கு இதையே முதற்சான்றாகக் கொள்வதை நான் ஏற்பதற்கில்லை. வயல் எங்கே? மரம் எங்கே? இறகின் ஒவ்வொரு வரியும் தெரிகிறது. அது வாழும் இடம் தெரியவில்லை.

நிழற்படம் கூடுமா என்ற மஸ்அலாவுக்குள் இங்கு நான் புகவில்லை. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ (மறைவு 1935) அதனை நிழலைத் தடுத்து நிறுத்துவதாகக் கருதி ஆகுமாக்கினார் என்பதை மட்டும் நினைவூட்டுவேன். ஒளிவிளக்கு வீசிய இப்படத்திலோ நிறுத்தி வைக்க நிழலே இல்லை!

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. கொலையுண்டவனுக்காகப் பழி தீர்க்கப்படாவிடின் அவன் தலையிலிருந்து ஆந்தையொன்று வெளிப்பட்டு, தன் தாகம் தீர்க்குமாறு கதறித் திரியும் என ஜாஹிலிய்யா கால அரபியர் நம்பினர். அதற்கு ‘ஹாமா’ என்று பெயர். அப்படியொன்று கிடையாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துரைத்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அந்நபிமொழியை ஓதும் நம் வீடுகளிலேயே ‘சாக்குருவி’ அலறினால் குழந்தையை அணைத்துக்கொள்ளும் பெண்கள் இன்றும் உளர். குரலை மட்டும் கேட்டு, முகத்தைக் காணாததால் வளர்ந்த அச்சம் அது. கரிய வெளியிலிருந்து வெண்சிறகு விரித்துப் பாயும் உருவம் அவ்வச்சத்தைத் தணிக்குமா, தூண்டுமா? தூண்டும் என்பதே என் கருத்து.

பொந்தின் வாயிலில் குஞ்சுக்கு இரையுடன் வந்து நிற்கும் ஆந்தைப் படங்களோ வேறு வகை. மரப்பட்டையின் வெடிப்பும் பொந்தின் ஓரமும் அங்கே பறவையோடு சேர்ந்தே இருக்கின்றன. அங்கு நாம் காண்பது, பிள்ளைகளுக்கு உணவு தேடி அலையும் ஒரு தாயை. ஹாமாவுக்கு அங்கே இடமில்லை.

வட அமெரிக்காவில் இன்று சிலர், கடையில் வாங்கிய எலியைப் பனியில் விட்டு, பாய்ந்து வரும் ஆந்தையைப் படமாக்குகின்றனர். சிறகு விரிந்தால் போதும் என்ற ஆசையின் விளைவு இது. ஹாஸ்கிங் அப்படிப்பட்டவர் அல்லர். கூட்டருகே மறைவிடம் அமைத்துக் காத்திருந்தவர் அவர். 1937-இல் வேல்ஸ் நாட்டில் இருளில் அத்தகைய மறைவிடத்திற்கு ஏறுகையில், கூட்டைக் காத்த ஆந்தை அவர் முகத்தில் பாய்ந்தது; இடக்கண் போயிற்று. பறவை தன் குஞ்சுகளைக் காத்தது, அவ்வளவே. ஆந்தைகளிடமே அவர் திரும்பினார். 1945-இல் சிரில் நியூபெரியுடன் சேர்ந்து இரவுப் பறவைகளுக்கென்றே தனி நூலும் வெளியிட்டார். பிள்ளைகளுக்கு ஆந்தையைக் காட்ட விரும்புவோர் பொந்தருகே எடுத்த படங்களிலிருந்து தொடங்கட்டும். 1948-இன் கூகை பிறகு வரட்டும்.