பழைய ஷாம்பெயினுக்குக் காற்று எவ்வளவு?

சிவப்பு ஒயினை டிகாண்டர் என்னும் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுவதற்கு முதல் காரணம் அடிவண்டல். ஷாம்பெயினில் அந்தத் தொல்லை கிடையாது. ஈஸ்ட் வண்டலைப் புட்டியின் கழுத்துக்கு இறக்கி, உறைய வைத்து, வெளியேற்றிய பிறகுதான் கடைசிக் கார்க்கை அடிக்கிறார்கள். ஆகவே முதிர்ந்த விண்டேஜ் ஷாம்பெயினை டிகாண்டரில் ஊற்றலாமா என்ற கேள்வி, அதற்குக் காற்று வேண்டுமா என்பதுதான்.

வேண்டும் என்பதற்குப் பால்டிக் கடலே சாட்சி. 2010-இல் ஆலந்து தீவுகளுக்கு அருகே மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 168 புட்டிகளை எடுத்தார்கள். வெவ் க்ளிக்கோ, ஜுக்லார், ஹைட்சிக் என்று எல்லாம் சுமார் 170 வயது. நிபுணர்கள் முகர்ந்ததும் முதலில் வந்தது ஈரமயிர் வாடை, மிருக வாடை, சிலவற்றில் சீஸ் நாற்றம். கிளாஸைச் சுழற்றிக் காற்றுப் பட வைத்ததும் வாசனையே மாறியது: வறுவல், புகை, மசாலா, பதப்படுத்திய தோல், கூடவே பழமும் பூவும். அத்தனை காலம் மூச்சில்லாமல் அடைந்து கிடந்ததன் வாடைதான் முதலில் எழுந்தது. அது விலகியதும் ஒயின் தன் முகத்தைக் காட்டிவிட்டது.

கவனியுங்கள், அந்த மாற்றம் கிளாஸுக்குள் நடந்தது. என் கட்சியும் அதுதான்: காற்று கிளாஸிலேயே படட்டும், டிகாண்டர் வேண்டாம்.

புதுப் புட்டிக்குள் அழுத்தம் சுமார் 6 வளிமண்டலம். பல ஆண்டுகளில் கார்க் வழியே கரியமில வாயு மெல்லக் கசிந்துவிடும். முப்பது வயது ஷாம்பெயினில் எஞ்சியிருப்பது நாக்கில் லேசாகத் துடிக்கும் நுண்குமிழ்தான். தேன், காளான், வறுத்த கொட்டை என்று கனத்துவிட்ட சுவையைத் தூக்கி நிறுத்துவதே அந்தத் துடிப்பு. ஊற்றும் விதத்திலேயே வாயு இழப்பு கூடிக் குறைகிறது. சாய்த்த கிளாஸின் ஓரமாக வழியவிட்டால் வாயு அதிகம் தங்குகிறது என்பதை ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேரின் குழு அளந்தே காட்டியிருக்கிறது. டிகாண்டருக்கு ஒருமுறை, கிளாஸுக்கு ஒருமுறை என இரண்டு தரம் கொட்டினால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். முதல் முகர்வுக்கும் கடைசி மிடறுக்கும் இடையே வாசனை அவிழ்ந்துகொண்டே போகிற சுகமும் டிகாண்டரோடு போய்விடும்.

அதனால் ஒல்லிக் குழல் கிளாஸை ஒதுக்கிவிட்டு, வயிறு அகன்ற ட்யூலிப் கிளாஸை எடுங்கள். 12 டிகிரி குளிர்ச்சி போதும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் சாய்த்து ஊற்றி, கால் மணி நேரம் விடுங்கள்.

விலக்கு ஒன்று உண்டு. 1996 போல அமிலம் தூக்கலான ஆண்டுகளில், ஈஸ்டோடு நெடுங்காலம் கிடந்து அண்மையில் வண்டல் நீக்கிய புட்டிகள் வயதானாலும் இறுகியே இருக்கும். வாயுவும் தாராளமாக இருக்கும். அவற்றைக் குளிர்ந்த டிகாண்டரில், ஓரமாக வழியவிட்டு ஊற்றலாம். நானும் அப்படித்தான் செய்கிறேன்.