அவையும் பின்தொடர்வோரும்

திருவள்ளுவர் பொருட்பாலில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். சொல்வன்மையுடையாரை நோக்கி எழுந்தனவாயினும் அவை இசைவல்லார்க்கும் பொருந்துவனவே. இளங்கோவடிகள் மாதவியின் அரங்கேற்றத்தைப் பாடுமிடத்து, ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன் முதலியோரின் இலக்கணங்களை விரித்துரைத்த பின்னரே அவளை அரங்கில் ஏற்றுகின்றார். அவ்வரங்கின் முன்னே மன்னனும் அவையும் ஆயத்தமாக இருந்தனர். அவையைத் தேடிக் கொணரும் பொறுப்பு மாதவிக்கு இருக்கவில்லை. இற்றைநாளில் திரைப்பட நிறுவனத்தையோ ஒலித்தட்டுக் கம்பனியையோ சாராது தம் பாடலைத் தாமே ஆக்கித் தாமே வெளியிடும் இசைஞர்க்கு அதுவே முதற்பொறுப்பாயிற்று. அவர்கள் கைக்கொள்ளும் கருவி சமூக ஊடகம். அக்கருவியால் திரள்வது அவைதானா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

யாழ்ப்பாணத்து இசையவை நெடுங்காலம் கோயில் வீதியிலே கூடியது. சுவாமி வீதியில் தரித்து நிற்க, நாதசுரமும் தவிலும் நள்ளிரவு கடந்தும் முழங்கும். திருவிழா உபயகாரர் மேளகாரரை அழைப்பர். மணலில் அமர்ந்திருப்போர் தீர்ப்பளிப்பர். 1975-இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் புகழ் கடல் கடந்து தமிழகத்தையும் எட்டியதற்கு இத்தகைய வீதிகளே அடித்தளம். பின்னர் வானொலி வந்தது. 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும் நித்தி கனகரத்தினமும், சிலோன் மனோகர் எனப்பட்ட ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசைப் பாடல்கள் ஈழத்திலும் அக்கரையிலும் பரவியதில் இலங்கை வானொலிக்குப் பெரும்பங்குண்டு. 'சுராங்கனி' பாமரரும் பாடும் பாடலாயிற்று. கோயில் வீதிக்கு உபயகாரரும் வானொலிக்கு நிகழ்ச்சி அமைப்பாளரும் வாயில்காப்போராயினர். அவர்தம் தயவு கிட்டாதோர் வாயிலுக்கு வெளியே நின்றனர் என்பதை மறைத்தல் வேண்டா. பழமையைப் புகழ்வார் பலரும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

வாயிலைத் தாண்டாமலே உலகை எட்டிய முதல் ஈழத்தமிழ் இசைஞர் மாயா அருள்பிரகாசம் எனலாம். யாழ்ப்பாணத்தில் இளமையின் ஒரு பகுதியைக் கழித்து இலண்டனில் வளர்ந்த அவர், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் ஆக்கிய பாடல்கள், 2005-இல் முதல் இசைத்தொகுப்பு கடைக்கு வருமுன்னரே, கோப்புப் பரிமாற்றத்தாலும் மைஸ்பேஸ் தளத்தாலும் பல நாட்டு இளைஞரிடையே வழங்கின. தந்தையாரின் புனைபெயரான 'அருளர்' என்பதே அத்தொகுப்பின் பெயர்.

இருபதாண்டுகள் சென்ற இற்றைநிலை வேறு. இன்று இணுவிலிலோ பருத்தித்துறையிலோ ஓர் இளைஞன் ஒரு கைபேசியும் ஓர் ஒலிவாங்கியும் கொண்டு பாடலை ஆக்கி அன்றிரவே உலகுக்கு அளிக்கலாம். அதனை முழுமையாக யூரியூபில் இடுவான். அதன் சுவைமிக்க அரை நிமிடத்தை வெட்டி ரிக்ரொக்கிலும் இன்ஸ்ரகிராமிலும் இடுவான். அவ்வரை நிமிடத்தைப் பிறர் தம் திருமணக் காட்சிக்கும் கடற்கரைக் காட்சிக்கும் பின்னணியாக எடுத்தாளுவர். எடுத்தாளுந்தோறும் பாடல் பரவும். பாடினோன் பெயரோ திரையின் ஒரு மூலையில் சிற்றெழுத்தாய் நிற்கும். அவன் ரசிகரிற் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழ்கின்றனர். ரொறன்ரோவின் கோடைக்கால நேரம் இலங்கை நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்னிற்பதாகலின், அங்குள்ளோர் மாலையில் ஓய்ந்திருக்கும் வேளையை எண்ணி அதிகாலையில் பாடலை இடுபவனும் உளன். கோயில் திருவிழாவுக்கு நாளும் நாழிகையும் பார்த்ததுபோல் இதுவும் ஒரு முகூர்த்தம் போலும்!

இப்பரப்பு எல்லையற்றது என்பார் கூற்று முற்றும் உண்மையன்று. 2020 ஜூன் மாத இறுதியில் இந்திய அரசு ரிக்ரொக்கைத் தடை செய்தது. அதனால் அத்தளத்தில் பெயர்பெற்ற தமிழக இசைஞர் அனைவரும் தாம் திரட்டிய பின்தொடர்வோரை ஒரே நாளில் இழந்தனர். யாழ்ப்பாணத்தில் அது தொடர்ந்து இயங்கினும், அதன் வழியே பாக்குநீரிணையைக் கடத்தல் அரிதாயிற்று. வானொலி அலை தடையின்றிக் கடந்த நீரிணை அது.

இனி, இக்கருவியைக் கலைநோக்கோடு கையாண்ட ஒரு முயற்சியைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். யாழ்ப்பாணத்திற் பிறந்து கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஷான் வின்சென்ற் டி போல் என்னும் றப் கலைஞரும், மிருதங்கம் பயின்ற யாஞ்சன் என்பாரும் இணைந்து, 2020-ஐ ஒட்டிய காலத்தில் 'மிருதங்க றப்ஸ்' என்னும் சிறு காணொளிகளை வெளியிட்டனர். ஒருவர் மிருதங்கம் வாசிப்பர், மற்றவர் சொற்களை அடுக்குவர். பிற ஆரவாரம் யாதுமில்லை. அவற்றின் சிறப்பு இசையமைதியிலே உளது. கொன்னக்கோலின் சொற்கட்டும் றப்பின் சொல்லடுக்கும் அசையை நெருக்கியும் தளர்த்தியும் தாளத்தோடு விளையாடும் ஒரே இயல்பின. தவிலோசையிற் பழகிய யாழ்ப்பாணத்துச் செவி, ஆங்கிலச் சொற்களின் பொருளை உணராதாயினும், தீர்மானம் விழும் இடத்தை உணரும். காணொளியின் குறுமையும் ஈண்டுக் குறையன்று; தனியாவர்த்தனத்தின் ஒரு கீற்றுப் போல அது தன்னளவில் நிறைவுறுகின்றது. தளத்தின் வரம்பை வடிவத்தின் இலக்கணமாக்கிக் கொண்டமையே இவர்தம் வெற்றி.

குறையும் உண்டு. றப் மரபிலே தற்புகழ்ச்சி ஓர் அணி. நம் புலவரோ அவையடக்கம் கூறியே நூலைத் தொடங்கினர். இக்காணொளிகளிலே தற்புகழ்ச்சி மிகுந்து சில இடங்களில் பொருள் மெலிகின்றது. 2021-இல் அதே கலைஞர் வெளியிட்ட 'மேட் இன் ஜஃப்னா' என்னும் தொகுப்பில் பிறந்த மண்ணும் பெயர்வும் பாடுபொருளாதலின் அம்மெலிவு குறைகின்றது. ஆயினும் அவர் குரல் தமிழகத்தின் பட்டிதொட்டியெங்கும் சென்றது, அவ்வாண்டு வெளியான 'சார்பட்டா பரம்பரை' என்னும் திரைப்படத்தில் நவ்ஸ்-47 என்பாரோடு பாடிய 'நீயே ஒளி' வாயிலாகவே. தனித்தியங்கும் இசைஞனுக்கும் பேரவையை ஈந்தது திரைப்படமே என்பது எண்ணத்தக்கது.

இவ்வழியின் அருமை கண்ட இளையோர் பலர் எளிய வழியொன்றை நாடுகின்றனர். புகழ்பெற்ற திரைப்பாடலை மீளப்பாடி இடுதலே அது. பின்தொடர்வோர் விரைந்து சேர்வர். சேர்ந்தோர் அப்பாடலின் ரசிகரேயன்றிப் பாடினோனின் ரசிகர் ஆகார். யூரியூபின் உரிமை அறியும் பொறி பாடலை இனங்கண்டு வருவாயை உரிமையாளர்க்கே திருப்பவுங்கூடும். தன் சொந்தப் பாடலை அவன் இடும் நாளில் அத்திரளின் பெரும்பகுதி மௌனமாயிருக்கும். மீள்பாடலால் உலகப்புகழ் கண்டோர் இலர் என்பதன்று. 2021 மே மாதம் யொஹானி, சதீஷனோடு மீளப்பாடிய 'மெனிக்கே மகே ஹித்தே' என்னும் சிங்களப்பாடல் மொழியெல்லை கடந்து பரவி, மறு ஆண்டு இந்தித் திரைப்படத்திலும் புகுந்தது. அப்பாடல் 2020-இல் சதீஷன் ரத்நாயக்கவின் பாடலாகவே முதலில் வந்தது என்பதை அறிந்தோர் யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர்?

எண்ணிக்கையின் மயக்கம் பற்றியும் ஒரு சொல். விளம்பர வருவாயிற் பங்குபெற யூரியூப் விதிக்கும் வழமையான தகுதி, 1000 சந்தாதாரரும் ஓராண்டில் 4000 மணிநேரப் பார்வையுமாம். நான்கு நிமிடப் பாடலொன்றை 60,000 தடவை முழுமையாகக் கேட்டாலன்றி அம்மணிக்கணக்கு நிரம்பாது. ஸ்பொற்றிஃபை நிறுவனமோ, ஓராண்டில் 1000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு உரிமைத்தொகை இல்லை என 2024 முதல் விதித்துள்ளது. கெவின் கெலி என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2008-இல் எழுதிய கட்டுரையொன்றில், படைப்பாளி ஒருவன் பிழைக்க 1000 மெய்யான ரசிகர் போதும் என்றார். ஆண்டுதோறும் அவன் ஆக்கத்தைப் பணங்கொடுத்து வாங்குவோரையே அவர் மெய்யான ரசிகர் என்றார் என்பதை அதனை மேற்கோளாக்குவோர் மறந்துவிடுகின்றனர். விரலால் ஒருமுறை தொட்டு அகல்பவர் அக்கணக்கில் அடங்கார். சிலம்பின் மாதவி பெற்ற ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் கைதட்டல் அன்று, பொன்னே.

பொன் வரும் வழியில் அது எங்கே தங்கிவிடுகின்றது என்பதற்கு 'எஞ்சாயி எஞ்சாமி' சான்றாகும். ஏ. ஆர். ரகுமானின் ஆதரவோடு தொடங்கிய மாஜா தளத்தின் வழியாக 2021 மார்ச்சில் வெளிவந்த அப்பாடலில் அறிவின் எழுத்தும் குரலும், தீயின் குரலும், சந்தோஷ் நாராயணனின் இசையமைப்பும் கலந்தன. கோடிக்கணக்கானோர் அதனைக் கேட்டனர். நிலமற்ற மக்களின் வரலாறு ஆட்டத்துக்குரிய பாட்டாகியும் தன் கனம் குன்றாதிருந்தமை அதன் பெருமை. எனினும் அப்பாடலால் தமக்கு வருவாய் ஏதும் கிட்டவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகக் கூறினார். ஆக்கியோர் எவர் என்பதிலும் 2022-இல் பொதுவெளியிலே கசப்பு மூண்டது. திரைத்துறைக்கு வெளியே இதனினும் பெரிய அவையைக் கூட்டிய தமிழ்ப்பாடல் அரிது. அத்தகையதற்கே இந்நிலையாயின், உடன்படிக்கையை வாசியாமல் ஒப்பமிடும் இளைஞன் நிலை சொல்லவேண்டுவதில்லை.

தளங்களும் நிலையானவையல்ல. மாயா அருள்பிரகாசத்துக்கு அவை தந்த மைஸ்பேஸ், சேமிப்புக் கணினிகளை மாற்றியபோது, 2015 வரை ஏற்றப்பட்ட இசைக்கோப்புகளை இழந்தது. அச்செய்தி 2019-இல் வெளியாயிற்று. ஐந்து கோடிக்கு மேற்பட்ட பாடல்கள் அழிந்தன என்பர். 1981-இல் பொதுநூலகம் எரியக்கண்ட ஊரார்க்கு இச்செய்தி அயலார் செய்தியாகாது. மேலே கூறிய பொப்பிசைப் பாடல்களை இன்றைய இளைஞர் கேட்க இயலுதல், எவரோ சிலர் ஒலித்தட்டையும் ஒலிநாடாவையும் வீட்டுப் பெட்டியிற் பேணியதனாலேயாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம் ஒலி ஆவணங்களையும் சேர்க்கின்றது. கைபேசியில் ஆக்கப்படும் பாடலுக்கோ அவ்வீட்டுப் பெட்டியும் இல்லை. தளத்தில் இட்டபின் மூலக்கோப்பைக் கைபேசியிலிருந்து அழித்து, அடுத்த பாடலுக்கு இடங்காணுதலே பலரது வழக்கமாயிருக்கின்றது.