திணையும் தோட்டமும்

ஐந்திணைப் பாகுபாடு பண்டைத் தமிழரின் இயற்கையறிவுக்குச் சான்று என்று மேடைதோறும் கூறப்படுகின்றது, பாடநூல்தோறும் எழுதப்படுகின்றது. கூற்றில் பிழையில்லை. எனினும், அப்பெருமை வகுப்பறையில் என்ன வடிவம் கொள்கின்றது என்று நோக்குமிடத்து ஓர் ஐயம் எழுகின்றது. மாணாக்கர் கட்டமிட்ட அட்டவணை ஒன்றை மனனம் செய்கின்றனர். குறிஞ்சிக்குரிய பறவை ஒரு கட்டத்தில். உணவு மற்றொரு கட்டத்தில். தொழில் பிறிதொரு கட்டத்தில். தேர்வு முடிந்ததும் அட்டவணை மறந்துபோகின்றது.

அட்டவணையில் கிளியும் தினையும் தனித்தனியே நிற்கின்றன. பாட்டிலோ அவை அவ்வாறு நிற்பதில்லை. தினைக்கதிரைக் கவரக் கிளி வருகின்றது. கிளியை ஓட்டத் தலைவி புனத்துக்கு வருகின்றாள். அவளைக் காணத் தலைவன் வருகின்றான். கதிர் கொய்யப்பட்டதும் கிளிக்கு அங்கு வேலையில்லை, காவலுக்கும் வேலையில்லை, காதலர் சந்திப்புக்கும் இடமில்லை. ஒரு பறவையின் பசியில் தொடங்கும் உறவுத் தொடர் மனித உள்ளத்தின் துயரம்வரை நீள்கின்றது. திணையென்பது இத்தொடரேயன்றிப் பெயர்ப்பட்டியல் அன்று. இதனை மறந்துவிட்டுத் திணையைக் கற்பித்தல், சொற்களைக் கற்பித்து வாக்கியத்தைக் கற்பியாது விடுதல் போன்றதாகும்.

தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என ஒரே குடைக்கீழ் வைத்தார். மனிதனின் தொழிலும் இசையும் விலங்கு, பறவைகளோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை கருதத்தக்கது. மேலும், ஒரு நிலத்துப் பூவும் பறவையும் பிறிதொரு நிலத்தில் வந்து வழங்குதலும் உண்டு என்பதை அகத்திணையியலிலேயே அவர் ஒப்புக்கொண்டார். உயிர்கள் வரம்பு கடக்கும் என்பதை அறிந்த இலக்கணம் அது.

குறுந்தொகையின் 8ஆம் பாட்டில், ஆலங்குடி வங்கனார் வயலோரத்து மாமரத்தினின்றும் உதிரும் கனியைப் பொய்கை வாளை கவ்வும் காட்சியை அமைக்கின்றார். முயலாமலே இனிய பொருள் வந்து வாயில் விழும் மருதநிலத் தலைவனின் இயல்பு இதனால் குறிப்பாற் புலனாகின்றது. இஃது உள்ளுறை என்று உரைப்பதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகின்றனர். ஆயின், அவ்வுள்ளுறை வலிமை பெறுவது காட்சி உண்மையாதலால் அன்றோ? கரைமரத்தின் கனி நீரில் விழ மீன் உண்ணுதல் இம்மலேசிய ஆறுகளிலும் காணத்தக்கதே. கெலா, ஜெலாவாட் முதலிய ஆற்றுமீன்கள் கரைமரக் கனிகளை உண்டு வாழ்வன. கரைமரங்களை வெட்டிவிடின் ஆறு இருக்கும், மீனின் உணவு குறையும், அவ்வுவமையும் பொருளற்றுப்போகும்.

கபிலரின் 25ஆம் பாட்டு இதனினும் நுட்பமானது. தலைவன் தலைவியை மணந்த அன்று அங்கிருந்த சாட்சி, ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்பார்த்து நின்ற குருகு ஒன்றே. குருகின் கண் மீன்மேல் இருந்தது, காதலர்மேல் இல்லை. இரையை நோக்கும் பறவை பிறர் கூறும் உறுதிமொழிக்குச் சான்றாகாது. பறவைக்கும் மீனுக்கும் உள்ள உறவை அறிந்தாலன்றித் தலைவியின் அச்சம் எத்தகையது என்பதை உணர இயலாது. இங்கு இயற்கையறிவு பாட்டுக்கு அணியாக வரவில்லை. பாட்டின் பொருளாகவே நிற்கின்றது.

இவ்வளவுகோலை மலேசியத் தமிழிலக்கியத்தின் முதன்மைக் களமாகிய தோட்டத்தின்மீது வைத்துப் பார்த்தல் வேண்டும். அதற்குத் தஞ்சோங் மாலிம் ஏற்ற இடம். பேராவின் தென்னெல்லையாகிய இவ்வூருக்குக் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர். ஊரைச் சூழ்ந்து முன்பு ரப்பரும் பின்பு செம்பனையும் வளர்ந்த தோட்ட நிலங்கள். அருகே சிலாங்கூருக்கும் பேராவுக்கும் எல்லையாக ஓடும் பெர்ணம் ஆறு. அவ்வாறு மேற்கே சென்று சபாக் பெர்ணம் வட்டாரத்தின் வயல்களைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கின்றது. குறிஞ்சியும் மருதமும் நெய்தலும் ஓராற்றின் கரையிலேயே உள்ளன. 1922இல் மலாய் ஆசிரியர்களுக்கென இங்குத் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997இல் பல்கலைக்கழகமாகி, இன்று தமிழாசிரியர்களையும் உருவாக்குகின்றது. திணையைக் கற்பிக்கப்போகின்றவர்கள் திணைகளின் நடுவிலேயே பயில்கின்றனர்.

தோட்டத்தைத் தமிழர் எப்பெயரால் அழைத்தனர்? பிஜித்தீவின் துயரைப் பாடிய பாரதியார் தம் பாட்டுக்குக் ‘கரும்புத் தோட்டத்திலே’ எனப் பெயரிட்டார். மலேசியத் தோட்ட வாழ்வை நாவலாக்கிய அகிலனோ ‘பால்மரக் காட்டினிலே’ என்றார். காடு என்பது இங்குப் பொருந்துமா? சோளக்காடு, பருத்திக்காடு எனப் பயிர்நிலத்தையும் காடு என வழங்குதல் தமிழ் மரபே. தாயகத்துச் சொல்லைத் தொழிலாளர் உடன் கொணர்ந்தனர். சொல் பிழையன்று. ஆயின் அச்சொல்லால் விளைந்த மயக்கம் ஒன்று உண்டு. ஒரே மரம் நிரைநிரையாக நிற்கும் நிலத்தைக் காடு என்று நம்பிய எழுத்து, அழிக்கப்பட்ட காட்டை மறந்துபோயிற்று.

ரப்பர் மரத்தின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலினின்று ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். மறு ஆண்டில் அவற்றின் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சில பேராவின் கோலகங்சாரில் நடப்பட்டன. அமேசான் காட்டில் இம்மரம் பிற மரங்களுக்கிடையே ஒன்றுக்கொன்று தொலைவில் வளர்வது. அங்குள்ள இலைக்கருகல் பூஞ்சை ஒரு மரத்தினின்று மறுமரத்துக்கு எளிதில் தாவ இயலாமைக்கு அத்தொலைவே காரணம். 1928இல் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் அமேசானிலேயே மரங்களை நெருக்கி நட்டுத் தோட்டம் அமைத்தது. பூஞ்சை பரவிற்று, முயற்சி தோற்றது, 1945இல் நிலம் பிரேசில் அரசிடமே திரும்பிற்று. மலாயாவில் அம்மரம் நிரைநிரையாகத் தழைத்ததற்குக் காரணம், அப்பூஞ்சை கடல்கடந்து வாராமையே.

தொழிலாளியின் குருதியே மரத்தின் பாலாக வழிகின்றது என்னும் உருவகம் தோட்ட இலக்கியத்தில் பன்முறை ஆளப்பட்டுவிட்டது. அவ்வுருவகத்தின் நியாயத்தை மறுப்பார் இலர். அதன் புதுமை தேய்ந்தது என்பதையும் மறுத்தற்கில்லை. ஆழமான ஒப்புமை வேறொன்று உண்டு. மரமும் மனிதனும் தத்தம் கூட்டத்தினின்று பிரித்தெடுக்கப்பட்டு நிரையில் நிறுத்தப்பட்டனர். மரம் தன் பகையை விட்டு வந்தது. மனிதன் தன் உறவை விட்டு வந்தான். ஆதலின் மரம் தழைத்தது, மனிதன் தழைக்கவில்லை. இவ்வொப்புமையைக் காண மரத்தின் கதையையும் அறிதல் வேண்டும்.

தோட்டத்துள்ளும் உறவுகள் இல்லாமற்போகவில்லை. இளமரங்களுக்கிடையே படரவிடப்படும் அவரையினக் கொடிகள் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு ஊட்டுகின்றன. செம்பனைத் தோட்டங்களில் எலிகளை அடக்கக் கூகைகளுக்குக் கூட்டுப்பெட்டிகள் அமைக்கப்படுகின்றன. ஆப்பிரிக்காவினின்று வந்த செம்பனைக்கு ஏற்ற பூச்சி இங்குப் போதாமையால், தொழிலாளரே கையால் மகரந்தம் தூவி வந்தனர். 1981இல் கேமரூனினின்று சிறு கூன்வண்டு ஒன்று கொணரப்பட்டது. அது பெருகியபின் மகரந்தம் தூவும் வேலையே தேவையற்றதாயிற்று. ஒரு வண்டின் வருகை மனிதரின் தொழிலை மாற்றியமை சிறந்த சிறுகதைக்குரிய கரு அன்றோ? கருப்பொருள் வரிசையில் தொழிலையும் சேர்த்த தொல்காப்பியர் இதனைக் கண்டு வியந்திருக்கமாட்டார்.

திணைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்குத் தமிழர் நன்கறிந்த இடம் ஒன்றிலேயே சான்றுண்டு. தஞ்சோங் மாலிமுக்குத் தெற்கே உள்ள பத்துமலை, தைப்பூசத்தால் பெயர்பெற்றது. அக்குன்றின் குகைகளில் தேனுண்ணும் வௌவால்கள் வாழ்கின்றன. இரவில் அவை பறந்துசென்று டுரியான் பூக்களில் தேனுண்டு மகரந்தம் சேர்க்கின்றன. டுரியான் பூவாத காலத்தில் அவற்றைக் காப்பவற்றுள் கடலோர அலையாத்திக் காட்டு மரங்களின் பூக்கள் முதன்மையானவை என 1970களின் ஆய்வுகள் காட்டின. கடற்கரைக் காட்டை அழிப்பின் குகை வறுமையுறும். குகை வறுமையுறின் பழத்தோட்டம் காய்ப்பொழியும். நெய்தல் நலிய மருதமும் நலியும் என்பது வெறும் கற்பனையன்று.

ஆகவே திணையைக் கற்பிக்கும் ஆசிரியர், எந்நிலத்துக்கு எப்பறவை என வினவுவதோடு நில்லாது, அப்பறவை எதனை உண்ணுகின்றது, எங்குக் கூடுகட்டுகின்றது, அது இல்லையாயின் யாருக்கு இழப்பு என்றும் வினவுதல் வேண்டும். இதே வினாக்களைத் தோட்டக் கதைகள்பாலும் தொடுத்தல் தகும். பாம்பும் அட்டையும் கொசுவும் அச்சமூட்டவே வரும் கதை தோட்டத்தின் பாதியையே காட்டுவதாகும்.

காலமும் குறைவு. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. லயங்களில் வாழ்ந்தோர் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். எக்கொடி எதற்கு மருந்து, எப்பறவை கத்தினால் மழை, ஓடையின் எம்மடுவில் எம்மீன் என்றறிந்த முதியோர் அருகிவருகின்றனர். அவர்தம் அறிவு எந்நூலிலும் முழுதாக ஏறவில்லை. சங்கப் புலவர் மாங்கனியையும் வாளையையும் பதிந்து வைத்தமையாற்றான் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பொய்கை நமக்குத் தெரிகின்றது. பெர்ணம் ஆற்றங்கரைத் தோட்டத்தை அவ்வாறு பதிந்து வைக்கும் கடமை, அங்கு வாழ்ந்த தலைமுறை மறையுமுன் இன்றைய எழுத்தாளரும் ஆசிரியரும் நிறைவேற்ற வேண்டியதாகும்.